கசடு கொட்டும் தளத்தை மூடுவது: வாசகர் கேள்வி – பதில்

செப்டிக் டேங்குகளிலிருந்து உறிஞ்சி எடுத்த கசடை லாரிகள் கொண்டுவந்து கொட்டும் நகராட்சித் தளங்களை மூடுவது தொடர்பாக வாசகர்கள் எழுதிய கேள்விகள் ஒன்றோடொன்று நெருங்கிய தொடர்புடையவை. ஆகவே அவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் குடியிருப்பை ஒட்டி, லாரிகள் கசடு கொட்டுவதற்காகப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவந்த இடத்தை மூடப்போவதாக நகராட்சி அறிவித்திருக்கிறது. வாசலைப் பூட்டிவிட்டால் எங்கள் தொல்லை தீர்ந்துவிடுமா?

தீராது. அந்தத் தளத்துக்கு உள்ளே கிடப்பது ஒரு பிரச்சினை; நாளைக் காலையில் அங்கே வந்து நிற்கப்போகும் லாரி இன்னொரு பிரச்சினை. பூட்டு இரண்டாவதை வேறு இடத்துக்குத் துரத்துமே தவிர, முதலாவதைத் தொடக்கூட முடியாது.

ஊரில் உள்ள செப்டிக் டேங்குகள் நிரம்புவதை எந்த அறிவிப்பும் நிறுத்துவதில்லை. தொட்டி நிரம்பிய வீட்டுக்காரர் லாரியை அழைத்தே தீர வேண்டும். லாரி எங்கேனும் போய்க் காலி செய்தே தீர வேண்டும். சட்டப்படி கொட்டுவதற்கு இருந்த ஒரே இடத்தையும் மாற்று ஏற்பாடு இல்லாமல் மூடிவிட்டால், அதுவரை ஒரே இடத்தில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் கிடந்த கழிவு, ஓடைக்கரையிலும் ஏரிக்கரையிலும் சாலையோரப் பள்ளங்களிலும், பெரும்பாலும் இருட்டிய பிறகு, கொட்டப்படும். அப்போது அது எங்கே கிடக்கிறது என்பதுகூட நகராட்சிக்குத் தெரியாமல் போய்விடும். எனவே, ஒரு தளத்தை மூடும் வேலையில் முதற்பணி இன்னொன்றைத் திறப்பதுதான். கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில், லாரிகள் கசடை நேரே கடலில் கொட்டிவந்த கோர்லே கோன்னோ கடற்கரைத் தளம் 2016ஆம் ஆண்டு மூடப்பட்டது. லாரிக் கசடைப் பெற்றுச் சுத்திகரிக்கும் நிலையம் அமைந்த பிறகே அது சாத்தியமானது. நாற்றத்தைக் கேலிசெய்து, நறுமணப் பூவின் பெயரால் 'லாவெண்டர் ஹில்' என்று ஊரார் அழைத்த இடம் அது. மூடவேண்டும் என்ற கோரிக்கைக்கு அங்கே குறைவிருந்திருக்காது. லாரிகள் போய்ச் சேர வேறிடம் இல்லாதவரை அந்தக் கோரிக்கையால் மட்டும் எதுவும் நடக்கவில்லை.

உங்கள் குடியிருப்போர் சங்கம் நகராட்சியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எப்போது மூடுவீர்கள்?" என்பதைவிட, "மூடிய மறுநாள் லாரிகள் எங்கே போகும்?" என்பதாக இருக்கட்டும். அதற்கு எழுத்தில் பதில் கிடைத்த பிறகு, உள்ளே கிடக்கும் கசடை என்ன செய்யப்போகிறார்கள், எத்தனை ஆண்டுகள் நிலத்தடி நீரைச் சோதிக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

நான் கழிவுநீர் லாரி வைத்திருப்பவன். பழைய தளத்தை மூடிவிட்டு, தொலைவில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகச் சொல்கிறார்கள். டீசலுக்கும் நேரத்துக்கும் கட்டுப்படியாகவில்லை. எங்களைக் குற்றவாளிகளைப் போலப் பார்ப்பது நியாயமா?

நியாயமில்லை. ஊரின் துப்புரவில் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள் நீங்கள். ஒரு நாளைக்கு நான்கு நடை போய்வந்த லாரி, தொலைவு கூடியதால் இரண்டு நடைதான் போக முடியும் என்றானால், கூடுதல் செலவை வீட்டுக்காரர் தர வேண்டும், அல்லது நகராட்சி ஏற்க வேண்டும், அல்லது ஓட்டுநர் குறுக்குவழி தேடுவார். மூன்றாவது நடக்கக் கூடாது என்றால் முதல் இரண்டில் ஒன்றை வெளிப்படையாகத் தீர்மானித்தாக வேண்டும். நான் பரிந்துரைப்பது இதுதான்: வீட்டுக்காரர் கட்டும் தொகையில் ஒரு பங்கை நகராட்சி பிடித்து வைத்திருந்து, கசடு நிலையத்தில் இறக்கப்பட்டதற்கான சீட்டு வந்ததும் லாரி உரிமையாளருக்கு விடுவிக்கலாம். சரியான இடத்தில் இறக்குவதுதான் லாபம் என்று ஆகிவிட்டால், ஒவ்வொரு லாரியின் பின்னாலும் ஆள் அனுப்பத் தேவையிருக்காது.

அதே வேளையில், புதிய நிலையத்தின் வாயிலில் உங்களுக்கு நடப்பதையும் சரிசெய்ய வேண்டும். லாரிகள் வேலை பார்க்கும் நேரத்துக்கும் நிலையம் திறந்திருக்கும் நேரத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். இறக்குமிடத்தில் குழாய் மாட்டுவதற்கு ஏற்ற வாய், துணியும் நாப்கினும் நெகிழிப் பையும் சிக்கிக்கொள்ளும் கம்பிவலை, இறக்கி முடித்ததும் வண்டியையும் தரையையும் கழுவத் தண்ணீர் ஆகியவை வேண்டும். வரிசையில் ஒரு மணி நேரம் காத்திருந்து, வலை அடைத்துக்கொண்டது என்று திருப்பி அனுப்பப்படும் ஓட்டுநர் அந்த முழு லாரியோடு எங்கே போவார் என்பதை நிலைய நிர்வாகம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிலையத்தின் கண்டிப்புக்கும் காரணம் உண்டு என்பதை நீங்களும் அறிந்திருப்பது நல்லது. கழிவை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது நீரிலிருந்து இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவைக் கொண்டு அதன் வீரியத்தைக் கணிக்கிறார்கள். பாதாளச் சாக்கடையில் வரும் வீட்டுக் கழிவுநீரில் அது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். செப்டிக் டேங்க் கசடில் 5,000 முதல் 7,000 வரைகூடப் போகும். அதாவது 6,000 லிட்டர் கொள்ளும் ஒரு லாரி, ஏறக்குறைய ஒன்றரை லட்சம் லிட்டர் சாக்கடை நீரின் சுமையை ஒரே நேரத்தில் கொண்டுவந்து இறக்குகிறது. சிறிய நிலையம் ஒன்றில் அடுத்தடுத்து நான்கு லாரிகள் காலி செய்தால், அதன் நுண்ணுயிரிகள் மூச்சுத் திணறிப்போகும். உணவகங்களின் எண்ணெய்ப் பிசுக்கும் தொழிற்சாலைக் கழிவும் கலந்த லாரியை ஏற்க மறுப்பதும் இதே காரணத்தால்தான்.

நான் நகர்மன்ற உறுப்பினர். எங்கள் தளத்தில் இரண்டு கசடுக் குளங்கள் உள்ளன. நிதி குறைவு. மண்ணைக் கொட்டி நிரவி, மேலே புல் வளர்த்துவிட்டால் என்ன?

பல ஊர்களில் இதைத்தான் செய்ய நினைக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கசடுக் குளத்தின் மேற்பரப்பு ஏமாற்றக்கூடியது. வெயிலில் காய்ந்து, வெடிப்பு விட்டு, விதை விழுந்து புல்லும் தக்காளிச் செடியும்கூட முளைத்து, கெட்டித் தரை போலவே தோன்றும். ஒரு நீளக் கழியை எடுத்து ஊன்றிப் பாருங்கள்: கையளவு ஆழம் வரை தடுக்கும், பிறகு எந்தத் தடையும் இல்லாமல் அது தன் எடையிலேயே உள்ளே இறங்கும், வெளியே இழுத்தால் கரிய குழம்பு பூசிக்கொண்டு வரும், அது வந்த துளை வழியாகக் குமிழிகள் எழும். அதன்மேல் ஒரு டிப்பர் மண்ணைக் கொட்டினால், மண் பாளம் பாளமாக அமிழ்ந்து, கசடு பக்கவாட்டில் பிதுங்கிக் கரையை நோக்கித் தள்ளும். கரை பலவீனமாக இருந்தால் உடையும். உடையாவிட்டாலும், உள்ளே மாட்டிக்கொண்ட கசடு ஆண்டுக்கணக்கில் அழுகிச் சுருங்க, மேலே போட்ட மண் சீரில்லாமல் இறங்கிப் பள்ளம் விழும். பள்ளத்தில் மழைநீர் தேங்கும். தேங்கிய நீர் கசடின் ஊடே வடிந்து நிலத்தடிக்குப் போகும். வெளியேற வழியற்ற மீத்தேன், மண்ணின் வெடிப்புகளைத் தேடி நகரும்.

முறையான வழிக்குச் செலவு உண்டு; ஆனால் நீங்கள் அஞ்சும் அளவுக்கு இருக்காது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 50 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள குளத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கசடு கிடப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 கனமீட்டர். அதில் திடப்பொருள் நூற்றுக்கு ஐந்து பங்கு என்றால், உண்மையில் அங்கே இருப்பது சுமார் 50 டன் திடப்பொருள்தான், மிச்சமெல்லாம் தண்ணீர். உலர்த்தி, திடப்பொருளின் பங்கை நூற்றுக்கு 25 ஆக உயர்த்திவிட்டால், அள்ள வேண்டியது ஏறக்குறைய 200 கனமீட்டராகச் சுருங்கிவிடும். லாரிச் சுமைகளும் ஐந்தில் ஒன்றாகக் குறையும். ஆகவே பணத்தை அள்ளுவதில் போடுவதைவிட, உலர்த்துவதில் போடுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு புதிய கசடு விழுவதை நிறுத்திவிட்டு, மேலே நிற்கும் நீரைப் பம்பு வைத்து எடுத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். தெளிந்திருப்பது போல் தோன்றினாலும் அந்த நீரை வாய்க்காலில் விட்டுவிடக் கூடாது; அது சாக்கடை நீரைவிட மோசமாக இருப்பதுதான் வழக்கம். அடியில் உள்ள கசடை, மணலும் சரளையும் பரப்பிய உலர்த்தும் படுகைகளில் 20 முதல் 30 சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பினால், நல்ல வெயிலில் சில வாரங்களில் மண்வெட்டியால் வாரும் பதத்துக்கு வந்துவிடும். இதைவிடக் கனமாகப் பரப்பினால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். அடியில் ஈரம் அப்படியே நிற்கும்.

உலர்த்துவதற்கு முன் கசடைச் சோதித்துவிடுங்கள். லாரிகள் வீட்டுக் கசடை மட்டுமே கொண்டுவந்தன என்று எந்தப் பதிவேட்டையும் நம்பி முடிவுசெய்ய முடியாது. ஈயம், காட்மியம், குரோமியம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றின் அளவு தெரிந்தால்தான், உலர்ந்த கசடு வயலுக்குப் போகலாமா, பாதுகாப்பான குப்பை நிரப்பிடத்துக்குப் போக வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க முடியும். குளத்தின் ஒரே மூலையில் எடுத்த மாதிரியை வைத்து முடிவெடுக்கக் கூடாது. லாரிகள் பின்னோக்கி வந்து இறக்கும் இடத்தில் கனமானவை படிந்திருக்கும், எதிர்க்கரையில் மெல்லிய சேறு படிந்திருக்கும், இரண்டின் முடிவுகளும் வேறுபடும்.

கசடை அகற்றவே வழியில்லை என்ற நிலையில் மட்டும், நீரை வடித்து, சுண்ணாம்போ உலர்மண்ணோ கலந்து இறுக்கி, மேலே களிமண் மூடாக்கை மெல்லிய அடுக்குகளாகப் போட்டுத் திமிசு கொடுத்து, மழைநீர் நிற்காமல் ஓடும் சரிவோடு முடிக்கலாம். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்திலும், பிளவுபட்ட பாறையின் மேலும், வெள்ளம் வரும் தாழ்நிலத்திலும் இந்த வழியை நான் ஏற்கவே மாட்டேன்.

மூடிய பிறகு எங்கள் கிணற்று நீர் தானாகவே சுத்தமாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

சில மாசுகளைப் பொறுத்தவரை காலப்போக்கில் உண்மை. ஆனால் முதல் சில ஆண்டுகளில் நிலைமை மோசமாகவும் ஆகலாம். கசடு நிறைந்திருந்தபோது குளத்தின் அடிமண்ணில் ஆக்சிஜன் இல்லை. அங்கே கசிந்த நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியமாக மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குளத்தைக் காலிசெய்து மண் காய்ந்து வெடித்ததும், காற்று உள்ளே புகுந்து, அந்த அம்மோனியம் நைட்ரேட்டாக மாறத் தொடங்கும். நைட்ரேட் மண்ணோடு ஒட்டாது. மழைநீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். இதனால்தான் அடியில் கருத்துப்போன மண்ணையும் ஒரு கனத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும், பிறகு வேர் ஆழமாக ஓடும் புல் வகைகளை நட்டு மிச்ச நைட்ரஜனை உறிஞ்சவிட்டு, அந்தப் புல்லை அறுத்து வெளியேற்ற வேண்டும் என்கிறோம்.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இதைத் தாண்டிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து மிக அதிகம். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது; நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். இதைக் குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லுங்கள்.

சோதனைக்குக் கொடுக்கும்போது நைட்ரேட், அம்மோனியா, குளோரைடு, ஈ.கோலி பாக்டீரியா ஆகியவற்றையாவது கேட்டு வாங்குங்கள். குளோரைடு எதனாலும் சிதையாமல் நீரோடு பயணிப்பதால், கசிவு உங்கள் கிணற்றை எட்டியிருக்கிறதா என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். ஒரே ஒரு கிணற்றின் முடிவை வைத்து எதையும் நிறுவ முடியாது. நிலத்தடி நீர் ஓடும் திசையில், தளத்துக்கு மேற்புறம் ஒரு கண்காணிப்புக் கிணறும் கீழ்ப்புறம் குறைந்தது இரண்டும் வேண்டும். மேற்புறத்தில் இல்லாத மாசு கீழ்ப்புறத்தில் இருந்தால் மட்டுமே தளத்தைக் காரணமாகச் சொல்ல முடியும். தளத்தை மூடுவதற்கு முன்பே அந்தக் கிணறுகளைத் தோண்டி முதல் அளவீட்டை எடுத்து வைக்கும்படி வற்புறுத்துங்கள். அது இல்லாவிட்டால், பின்னால் வரும் எந்த அளவையும் எதோடு ஒப்பிடுவது?

மூடப்படும் தளத்திலிருந்து அள்ளும் காய்ந்த கசடை என் வயலுக்கு இலவசமாகத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

உலோகங்களின் சோதனை முடிவைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்கலாம்; உடனே பயிருக்குப் போடக் கூடாது. காய்ந்து, நாற்றம் போய், மண் போல உதிர்ந்தாலும், உருண்டைப்புழுவின் முட்டைகள் அதில் உயிரோடு இருக்கக்கூடும். மண்ணில் அவை ஆண்டுக்கணக்கில் தாங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 20 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் உள்ள இடங்களில் ஓராண்டுக்கு மேலும், அதற்குக் குறைந்த வெப்பமுள்ள இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளும், புதிதாக எதையும் சேர்க்காமல் மூடிவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். குளத்தில் பத்தாண்டுகள் கிடந்ததே என்று வாதிடுவார்கள். கடைசி லாரி போன மாதம்தான் கொட்டியது என்றால், பத்தாண்டுக் கசடும் போன மாதத்துக் கசடும் இப்போது ஒன்றாகக் கலந்துதான் இருக்கும்.

சுண்ணாம்பு கலந்திருக்கிறோம், கவலை வேண்டாம் என்றும் சொல்வார்கள். அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டு விதி, செப்டிக் டேங்க் கசடின் காரத்தன்மையைக் காட்டும் pH அளவைச் சுண்ணாம்பால் 12க்கு உயர்த்தி 30 நிமிடங்கள் நிறுத்தி வைக்கச் சொல்கிறது. அது பாக்டீரியாக்களைப் பெருமளவு அழிக்கும். புழு முட்டைகள் பலவற்றை அது அழிப்பதில்லை. அதனால்தான் அதே விதி, மண்ணைத் தொடும் காய்கறிகளுக்கு 14 மாதங்களும், கசடை உடனே மண்ணுக்குள் புதைத்திருந்தால் கிழங்குகளுக்கு 38 மாதங்களும் அறுவடைக்கு இடைவெளி கேட்கிறது. பச்சையாக உண்ணும் எதற்கும் இதைப் போடாதீர்கள். மரப்பயிர்களுக்குப் போடுவதென்றால், குழியில் இட்டு மண்ணால் மூடிவிடுங்கள். காலில் செருப்பு இல்லாமல் அந்த நிலத்தில் யாரும் இறங்க வேண்டாம்.

குளத்தைக் காலிசெய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களை உள்ளே இறக்குவது சரியா?

இறக்கவே கூடாது. கசடைக் கலக்கும் கணத்தில், அதில் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு ஒரேயடியாக வெளியேறும். அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலேயே தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை அது நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போய்விடும். நாற்றம் அடங்கிவிட்டது என்று நினைத்து இறங்கியவர்களும், அவர்களைக் காப்பாற்றப் பின்னால் குதித்தவர்களும் அடுத்தடுத்து இறந்த சம்பவங்கள் உலகெங்கும் திரும்பத் திரும்ப நடந்துவருகின்றன. கரையில் நிற்கும் இயந்திரத்தின் கையும், உறிஞ்சும் பம்பும் செய்ய முடியாத வேலை இதில் எதுவுமில்லை. யாரையும் உள்ளே இறக்கக் கூடாது என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும், வாயு அளக்கும் கருவி கரையில் இருக்க வேண்டும், மூடும் வேலை முடியும்வரை வேலி நிற்க வேண்டும். காய்ந்த மேற்பரப்பைக் கெட்டித் தரை என்று எண்ணி ஓடிவரும் சிறுவர்களுக்கும் ஆடுமாடுகளுக்கும் அந்த வேலி தேவை.

மூடிய இடத்தில் பூங்கா அமைக்கலாமா? வீட்டுமனை போடலாமா?

கசடையும் அடிமண்ணையும் முழுமையாக அகற்றி, மண் சோதனையும் சில ஆண்டு நீர்ச் சோதனையும் தேறிய இடத்தில் பூங்கா அமைக்கலாம். கசடை உள்ளேயே விட்டு மூடாக்குப் போட்ட இடத்தில், மரம் நடுவதுகூடத் தவறு. வேர் களிமண்ணைத் துளைத்து நீருக்கு வழிவிடும், காற்றில் சாயும் மரம் மூடாக்கையே பெயர்த்துவிடும். அங்கே புல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வீடு கட்டுவதை எந்த நிலையிலும் நான் ஆதரிக்க மாட்டேன்: தரை இறங்கும், மூடிய அறைகளில் வாயு சேரும்.

எதைச் செய்தாலும், குளங்கள் இருந்த எல்லையை அளந்து வரைபடமாக்கி, நில ஆவணத்தில் குறிப்பு ஏற்றச் சொல்லுங்கள். அலுவலர்கள் மாறுவார்கள், நகர்மன்றம் மாறும், புல் எல்லாவற்றையும் மூடிவிடும். அந்த நிலத்தை விலைபேச வருபவரோ, அதில் ஆழ்துளைக் கிணறு தோண்ட வருபவரோ, அடியில் என்ன இருந்தது என்பதை அந்தக் குறிப்பிலிருந்து மட்டுமே அறிய முடியும். வரைபடத்தின் ஒரு பிரதியைக் குடியிருப்போர் சங்கமும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.